அலகும் சாட்டையும் காயமும்: ‘சுயவதை’ என்ற சொல் எதற்குப் பொருந்தும்?

மாசி அமாவாசையன்று வேலூர் பாலாற்றங்கரையில் அங்காளம்மன் திருவிழாவான மயானக் கொள்ளை நடக்கும். உடம்பெல்லாம் எலுமிச்சம்பழம் கோத்துக்கொண்டு, முதுகில் கொக்கி மாட்டித் தேர் இழுத்து வருகிறவர்களின் படங்கள் மறுநாள் கைப்பேசிகளில் சுற்றும். அதன் கீழே யாராவது ஒருவர் ‘இது சுயவதை, தடை செய்ய வேண்டும்’ என்று எழுதுவார். இன்னொருவர் ‘எங்கள் நேர்த்திக்கடனைக் குறை சொல்ல நீ யார்?’ என்று பாய்வார். 2024 டிசம்பர் 27 அன்று, அப்போது பாஜக மாநிலத் தலைவராக இருந்த அண்ணாமலை, கோவையில் தன் வீட்டு வாசலில் தன்னைத்தானே சாட்டையால் அடித்துக்கொண்டபோதும் இதே சொல் கிளம்பியது. பள்ளிப் பிள்ளைகள் தங்கள் உடம்பில் காயம் உண்டாக்கிக்கொள்ளும் செய்திகளிலும் இதே சொல்தான். சில இணையதளங்களில் இது ‘சுய துஷ்பிரயோகம்’ என்று வேறு அவதாரம் எடுக்கிறது.

நேர்த்திக்கடன், போராட்டம், மனத்துயரம் ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். தன் உடம்பைத் தானே வருத்திக்கொள்கிறார் என்பதுதான் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியும். எதற்காக, யார் முன்னால், அதற்குப் பிறகு என்ன என்று கேட்டால்தான் எது எதுவென்று பிரியும். எந்தப் பெயரில் பதிவாகிறது என்பதைப் பொறுத்துப் பொருந்தும் சட்டம் மாறுகிறது, கிடைக்கும் சிகிச்சை மாறுகிறது, அரசின் புள்ளிவிவரமும் மாறுகிறது. அதனால் இது வெறும் அகராதிச் சண்டை அல்ல.

சொல்லில் உள்ள சிக்கல்

1. ‘கொள்’ என்ற துணைவினை. தனக்குத் தானே செய்துகொள்வதைத் தமிழில் பெரும்பாலும் இந்தத் துணைவினைதான் உணர்த்துகிறது. அடித்தான் என்றால் பிறரை. அடித்துக்கொண்டான் என்றால் தன்னை. வட ஆற்காட்டுப் பேச்சில் அது ‘கினு’ ஆகிவிடும்: ‘அடிச்சிக்கினான்’, ‘அறுத்துக்கினா’. சிக்கல் என்னவென்றால், எண்ணம் இருந்ததா இல்லையா என்பதை இந்தத் துணைவினை சொல்லாது. வெங்காயம் அரியும்போது கத்தி பட்டாலும் ‘கைய அறுத்துக்கினா’தான், மனம் உடைந்து வேண்டுமென்றே செய்தாலும் அதேதான். அக்கம்பக்கம் விசாரிக்கும்போது குடும்பத்துக்கு இந்த மங்கல் வசதியாக இருக்கிறது. சிகிச்சை தர வேண்டிய மருத்துவருக்கு அதுவே இடைஞ்சல்.

2. ‘வதை’. பழைய வழக்கில் இது கொல்லுதல்: கீசகவதம், பசுவதை. ‘சித்திரவதை’யில்தான் அது துன்புறுத்தலாகப் பழகிப்போனது. ஆகவே ‘சுயவதை’யைத் தற்கொலை என்று படிப்பவரும் உண்டு, தன்னைத் துன்புறுத்திக்கொள்ளுதல் என்று படிப்பவரும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் ஓர் உயிர்.

3. ‘சுய துஷ்பிரயோகம்’. மொழிபெயர்ப்புக் கருவி பெற்றெடுத்த பிள்ளை இது. ‘செல்ஃப் அப்யூஸ்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றியதில் வந்தது. ஆனால் 18, 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அந்தச் சொல் குறித்தது காயத்தை அல்ல, சுய இன்பத்தை. சுவிஸ் மருத்துவர் திஸ்ஸோ 1760-இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதி, அது உடம்பை உருக்கிவிடும் என்று ஐரோப்பாவைப் பயமுறுத்தினார். ‘நரம்புத் தளர்ச்சி, கைப்பழக்கம்’ என்று பேருந்து நிலையச் சுவர்களில் நாம் இன்றும் பார்க்கும் லாட்ஜ் வைத்தியர் விளம்பரங்கள் அந்தப் பயத்தின் தூரத்து வாரிசுகள். சுய இன்பம் நோயுமல்ல, உடலுக்குக் கேடுமல்ல என்பது இன்றைய மருத்துவத்தின் நிலை. எனவே இந்தச் சொல்லைக் காயம் பற்றிய செய்தியில் போடுவது இரட்டைப் பிழை.

மனநலத் துறையில் தமிழில் எழுதுபவர்கள் ‘சுய தீங்கு’ அல்லது ‘தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல்’ என்கிறார்கள். இங்கும் இனி அப்படியே.

மருத்துவம் எதைச் சுய தீங்கு என்கிறது?

இதில் மருத்துவ உலகுக்குள்ளேயே இரண்டு வழக்கங்கள் உண்டு. செய்திகள் குழம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிரிட்டன் வழக்கம் அகலமானது. ஒருவர் வேண்டுமென்றே தன் உடம்பைக் காயப்படுத்திக்கொண்டாலோ அளவுக்கு மீறி மருந்து எடுத்துக்கொண்டாலோ, சாகும் எண்ணம் இருந்ததா இல்லையா என்று பார்க்காமல் எல்லாமே சுய தீங்குதான். அந்த நேரத்தில் எண்ணம் என்னவென்று அவருக்கே தெளிவாகத் தெரிந்திருக்காது என்பது இதற்கான நியாயம்.

அமெரிக்க வழக்கம் குறுகலானது. சாகும் எண்ணமில்லாமல் செய்யப்படும் காயத்தை அது தனியாகப் பிரிக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட மனநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இதை ‘மேலும் ஆராய வேண்டியவை’ என்ற பட்டியலில் வைத்தது. அதே வரையறை, சமூகம் ஏற்றுக்கொண்ட சடங்குகளையும் காது குத்துதல், பச்சை குத்துதல் போன்றவற்றையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சொல்கிறது. அலகு பற்றிய வாதத்துக்கு இது முக்கியம், பின்னால் வருகிறேன்.

இரண்டு வழக்கங்களும் ஒத்துப்போகும் இடங்கள் இவை:

1. இது பெரும்பாலும் பதின்வயதில் தொடங்குகிறது.

2. பலருக்கும் இது தாங்க முடியாத மனநெருக்கடியை அந்த நேரத்துக்குத் தணித்துக்கொள்ளும் வழி. துக்கம், கோபம், குற்ற உணர்ச்சி, சில சமயம் எதையுமே உணர முடியாத மரத்துப்போன நிலை. காயம் பட்டதும் சற்று நேரம் அடங்கும். பிறகு வெட்கமும் குற்ற உணர்ச்சியும் ஏறும். அந்தச் சுமையே அடுத்த முறைக்குக் காரணமாகும். சுழல் இப்படித்தான் இறுகுகிறது.

3. ‘எல்லாரும் கவனிக்கணும்னு பண்றான்’ என்பது பெரும்பாலும் தவறு. கவனம் வேண்டுகிறவர் காட்டுவார். இவர்களில் மிகப் பலர் மறைக்கிறார்கள். சித்திரை வெயிலில், வேலூர் மலைகள் கொதித்து இரவிலும் வீட்டுச் சுவர் சுடும் நாட்களில், ஒரு பிள்ளை முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுத்தால் ‘என்ன ஃபேஷன் இது’ என்று அதட்டுவதோடு விட்டுவிடக் கூடாது.

4. சாகும் எண்ணமில்லை என்பதால் ஆபத்தில்லை என்று ஆகாது. ஒருமுறை சுய தீங்கு செய்துகொண்டவருக்குப் பிற்காலத்தில் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். இது பல நாடுகளின் ஆய்வுகளிலும் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வகை இருக்கிறது. அதைக் காயம் என்று யாரும் சொல்வதில்லை. சர்க்கரை நோய்க்காரர் மருமகளோடு சண்டை போட்டுவிட்டு இரண்டு நாள் மாத்திரை போடாமல் இருப்பார். கணவர் ஏதோ சொல்லிவிட்டார் என்று மனைவி வெறும் வயிற்றோடு படுப்பார். ‘சோத்து மேல கோவத்தைக் காட்டாதே’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதைப் பார்த்துத்தான். ஒரு வேளைப் பட்டினி என்பது வீட்டுக்குள் நடக்கும் மௌனப் பேச்சு. அதை நோயாக்கத் தேவையில்லை. ஆனால் எதிர்த்துப் பேச வாயில்லாதவருக்கு உடம்பு ஒன்றுதான் மிச்சம் என்று ஆகிவிட்டால், அவர் திரும்பத் திரும்ப உணவையும் மருந்தையும் நிறுத்தினால், அது சுய தீங்கின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. நம் வீடுகளில் இது பெரும்பாலும் பெண்களும் முதியவர்களும்தான்.

அலகும் காவடியும்

மயானக் கொள்ளைக்கு வருவோம். வேலூரின் சைதாப்பேட்டை, தோட்டப்பாளையம், விருதம்பட்டு என்று பல பக்கங்களிலிருந்தும் அங்காளம்மன் தேர்கள் ஆற்றங்கரைச் சுடுகாட்டை நோக்கி வரும். அலகு போட்டுக்கொள்பவர் திடீரென்று கிளம்பி வருபவர் அல்ல. முன்கூட்டியே காப்புக் கட்டி, மஞ்சள் துணி உடுத்தி, விரதமிருந்து, வீட்டில் சொல்லிவிட்டு வருகிறவர். அன்று பம்பை அடிப்பவர் ஒருவர், பிடித்துக்கொள்பவர் இருவர், கை பழகிய பூசாரி ஒருவர். தோலை இரு விரலால் இழுத்துப் பிடித்து, விபூதி தடவி, மேல்தோலோடு கம்பியைச் செலுத்துகிறார், ஆழத்துக்குப் போவதில்லை. கழற்றியதும் மறுபடி விபூதி வைத்து அழுத்திவிடுகிறார். ஆடிக் கிருத்திகைக்கு இரத்தினகிரியிலும் வள்ளிமலையிலும் காவடி எடுப்பவர்களும், அக்னி வசந்த விழாவில் திரௌபதியம்மனுக்குத் தீ மிதிப்பவர்களும் இதே ஒழுங்கில்தான் செய்கிறார்கள்.

சுய தீங்கிலிருந்து இது விலகும் இடங்களைப் பிரித்துப் பார்க்கலாம்:

1. நோக்கம். சுய தீங்கு ஒரு நெருக்கடியிலிருந்து தப்பிக்க. நேர்த்திக்கடன் ஏற்கெனவே கேட்டுப் பெற்றதற்கோ, கேட்கப்போவதற்கோ கொடுக்கும் வாக்கு.

2. சூழல். ஒன்று கதவைச் சாத்திக்கொண்டு. மற்றொன்று ஊர் கூடி.

3. எல்லை. சடங்குக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. காப்பை அவிழ்த்ததும் முடிந்தது. சுய தீங்குக்கு அந்த முடிவு கிடையாது.

4. பின்விளைவு. அலகு எடுத்தவர் வீட்டுக்கு மரியாதையோடு போகிறார். மற்றவர் வெட்கத்தோடு மறைகிறார்.

அமெரிக்கக் கையேடு சடங்குகளை விலக்கி வைத்ததன் காரணமும் ஏறத்தாழ இதுதான். ‘சுயவதை’ என்று ஒரே சொல்லில் தீர்ப்பெழுதுகிறவர்கள் இந்த நான்கையும் பார்ப்பதில்லை.

அதற்காகச் சடங்கு என்று சொன்னதும் கேள்வி கேட்கக் கூடாது என்பதல்ல. தானே முடிவெடுக்கும் வயதில்லாத குழந்தைக்கு அலகு குத்தினால், அங்கே ‘சுய’ என்ற பாதியே இல்லை; பெற்றோர் பிள்ளையின் உடம்பில் செலுத்தும் நேர்த்திக்கடன் அது. ஒரே கம்பி பலர் உடம்பில் ஏறினால் இரத்தம் வழியே பரவும் நோய்கள் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும். படம் எடுக்க ஆள் வந்துவிட்டது என்று ஆண்டுக்கு ஆண்டு கொக்கியின் எண்ணிக்கையைக் கூட்டுவது வேண்டுதலா வேடிக்கையா என்ற கேள்வியும் நியாயமானது. இவையெல்லாம் பாதுகாப்பு, வயது, சம்மதம் பற்றிய கேள்விகள். பக்தர் மனநோயாளியா என்ற கேள்வி வேறு.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. அதுதான் அதிகக் கேடு. சோளிங்கர் தக்கான் குளத்தில் மூழ்கி, சின்ன மலை ஆஞ்சநேயரைக் கும்பிட்டால் பேய்பிசாசு விலகும் என்று நெடுங்காலமாக நம்பிக்கை. தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளும், தன்னைப் பிராண்டிக்கொள்ளும் ஒருவரை அங்கே அழைத்துப்போவதில் குடும்பத்துக்கு ஆறுதல் கிடைக்கலாம். அதைத் தடுக்க வேண்டியதில்லை. கோயிலோடு நின்றுவிடும்போதுதான் பிரச்சினை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்காவை ஒட்டிய ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகினார்கள். வழிபாட்டிடத்தை மருத்துவமனைக்கு மாற்றாக நம்பியதன் விலை என்னவென்று தமிழ்நாடு பார்த்துவிட்டது.

சாட்டையடிக்காரர் இந்த இரண்டிலும் சேராதவர். மனைவி தலையில் மாரியம்மன் பெட்டியைச் சுமந்து உறுமியைத் தேய்க்க, கால் சலங்கை குலுங்கச் சாட்டையைச் சுழற்றித் தன் தோளிலும் முதுகிலும் விளாசிக்கொண்டு தெருத்தெருவாக வருகிறவர். சாட்டை நுனி காற்றில் வெடிக்கும் சத்தம் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். அவருக்கு அது குலத்தொழில், பிழைப்பு. அரிசியோ பத்து ரூபாயோ போட்டால் அடுத்த வாசலுக்கு நகர்ந்துவிடுவார். அதைச் சுயவதை என்பது அவருடைய வறுமையை அவருடைய குணமாக்கிவிடுவது.

போராட்டமாகும் உடல்

அண்ணாமலை அடித்துக்கொண்டது இந்தச் சாட்டையைத்தான், ஆனால் பொருள் வேறு. அண்ணா பல்கலைக்கழக மாணவி மீதான பாலியல் வன்கொடுமை வழக்கை முன்வைத்து, அரசைக் கண்டித்து, முன்கூட்டி அறிவித்துவிட்டுச் செய்தார். அது தேவையா, நாடகமா என்று அரசியல் ரீதியாக விவாதிக்கலாம், விவாதித்தார்கள். மருத்துவப் பொருளில் அது சுய தீங்கு அல்ல. அதன் இலக்கு தன் மனவலி அல்ல, எதிரில் இருக்கும் அதிகாரம். மொட்டையடித்துக்கொள்வது, அரை நிர்வாணமாக நிற்பது, வாயில் கறுப்புத் துணி கட்டுவது என்று விவசாயிகளும் தொழிலாளர்களும் செய்யும் போராட்டங்களின் நீட்சிதான் அது.

உண்ணாவிரதம் இன்னும் சிக்கலானது. ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தை நீக்கக் கோரி மணிப்பூரின் இரோம் சர்மிளா 2000 நவம்பரில் தொடங்கிய உண்ணாவிரதம் 2016 ஆகஸ்டில்தான் முடிந்தது. அத்தனை ஆண்டும் அவர் மீது திரும்பத் திரும்பப் போடப்பட்டது தற்கொலை முயற்சி வழக்கு. ‘எனக்கு வாழ்வின் மீது வெறுப்பில்லை, இந்தச் சட்டத்தின் மீதுதான்’ என்பது அவர் தரப்பின் சாரம். பெயர் மாறினால் சட்டம் எப்படித் தடம் மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்வு நாளில் ஆட்சியர் அலுவலக வாசலில் போலீசார் பைகளைச் சோதித்து அனுப்புவதை இப்போது எந்த மாவட்டத்திலும் பார்க்கலாம். தீக்குளிப்பு முயற்சிகள் அங்கே அவ்வளவு நடந்திருக்கின்றன. இதைப் போராட்டம் என்பதா, தற்கொலை முயற்சி என்பதா? பட்டாவுக்கும் கந்துவட்டிக்கும் அலைந்து அலைந்து ஓய்ந்தவரிடம் இரண்டும் கலந்துதான் இருக்கும். புதிய சட்டம் இந்த இடத்தில்தான் ஒரு கோடு கிழித்திருக்கிறது.

சட்டம் கடந்து வந்த பாதை

1. இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 309: தற்கொலைக்கு முயன்றவருக்கு ஓராண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். தோற்றுப்போனவரைத் தண்டித்த சட்டம் என்று இதைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு.

2. 1994-இல் உச்ச நீதிமன்றம், பி. ரத்தினம் வழக்கில், இந்தப் பிரிவு அரசமைப்புக்கு முரண் என்றது. 1996-இல் கியான் கவுர் வழக்கில் அரசமைப்பு அமர்வு அதை மாற்றிப் பிரிவுக்கு மறுபடி உயிர் கொடுத்தது.

3. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 115: தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அதற்கு மாறாக நிரூபிக்கப்பட்டால் ஒழிய; 309-இன் கீழ் தண்டிக்கக் கூடாது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. 2018-இல் இது நடைமுறைக்கு வந்தது.

4. 2024 ஜூலை 1 முதல், தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா. இதில் 309-க்கு இணையான பிரிவு இல்லை. பிரிவு 226 மட்டும் புதிதாக வந்திருக்கிறது: அரசு ஊழியரைத் தன் கடமையில் ஒன்றைச் செய்ய வைக்கவோ செய்யவிடாமல் தடுக்கவோ தற்கொலைக்கு முயன்றால் ஓராண்டு வரை வெறுங்காவல், அபராதம் அல்லது சமூக சேவை. ஆட்சியர் அலுவலகச் சம்பவங்கள் இதற்குள் வரக்கூடும். மனுவோடு வந்தவரின் விரக்தியை இப்படித் தண்டனைக்குள் கொண்டுவருவது 115-ஆம் பிரிவின் உள்ளத்தோடு ஒட்டவில்லை என்பது என் கருத்து.

5. தற்கொலைக்குத் தூண்டுதல் வேறு குற்றம். புதிய சட்டத்தில் பிரிவு 108, பத்தாண்டு வரை சிறை.

சாகும் எண்ணமில்லாத சுய தீங்கு, அதாவது பள்ளிப் பிள்ளையின் கையில் காணும் தழும்பு, இந்தப் பிரிவுகள் எதிலும் குற்றம் அல்ல. இதைப் பெற்றோர் தெரிந்துகொள்வது அவசரத் தேவை.

வட ஆற்காட்டுத் தமிழ்ச் சமணர்களுக்கு நெருக்கமான ஒரு வழக்கும் உண்டு. உணவை மெல்ல மெல்லத் துறந்து உயிர் விடும் சல்லேகனை அவர்கள் மரபில் உயர்ந்த நோன்பு. செஞ்சி அருகே திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்ததைச் சொல்லும் பழங்கல்வெட்டு இன்றும் இருக்கிறது. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இந்த நோன்பைத் தற்கொலை என்று அறிவித்தது. சமணர்கள் நாடு முழுக்கத் தெருவுக்கு வந்தார்கள். அதே மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது.

கணியம்பாடி சொல்லும் கணக்கு

வேலூரிலிருந்து ஆரணி போகும் வழியில் கணியம்பாடி ஒன்றியம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) சமூக மருத்துவத் துறை பல பத்தாண்டுகளாக அங்கே வேலை செய்கிறது. சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்வார்கள். இறப்பு நேர்ந்த வீட்டில் உட்கார்ந்து, எப்படி, ஏன் என்று பக்குவமாகக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். ‘வாய்மொழிப் பிரேத ஆய்வு’ என்று அதற்குப் பெயர்.

அந்த முறையில் 1994 முதல் 1999 வரை எண்ணியபோது, அங்கே தற்கொலை விகிதம் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 95. அதே காலத்தில் காவல்துறைப் பதிவுகளை வைத்துத் தயாரித்த தேசியச் சராசரி 11 அளவில்தான் இருந்தது. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த மற்றொரு ஆய்வு, அதே ஒன்றியத்தில் 1992 முதல் 2001 வரை 10 வயதிலிருந்து 19 வயது வரை உள்ளவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தது. பையன்களில் லட்சத்துக்கு 58. பெண் பிள்ளைகளில் 148.

இதைப் பார்த்துக் கணியம்பாடிக்காரர்கள் மட்டும் தனிப்பிறவி என்று நினைக்கக் கூடாது. இங்கே யாரோ உட்கார்ந்து ஒழுங்காக எண்ணினார்கள். மற்ற இடங்களில் எண்ணவில்லை என்பதுதான் பெரும் பகுதி விளக்கம். எண்ணாமல் போவதற்குச் சொற்கள் துணை நிற்கின்றன:

1. ‘தீராத வயிற்றுவலி காரணமாக’. தமிழ் நாளிதழ் படிக்கிற எவருக்கும் இந்தத் தொடர் மனப்பாடம். முதல் தகவல் அறிக்கையில் எழுதப்பட்டதைச் செய்தியாளர் அப்படியே எடுத்துப் போடுகிறார். வரதட்சணை, அடி, காதல், கடன், தேர்வு, குடி எல்லாம் அந்த ஒரு வயிற்றுக்குள் அடங்கிவிடுகின்றன.

2. ‘தவறுதலாக’. அவசர சிகிச்சைப் பிரிவில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போடும்போது உடன் வந்தவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். எம்.எல்.சி. (போலீசுக்குத் தெரிவிக்கும் மருத்துவ-சட்ட வழக்கு) ஆனால் போலீஸ் வரும், பெண்ணின் பெயர் கெடும், நாளைக்கு வரன் வராது என்ற பயம். பதிவேட்டில் விபத்து என்று விழுந்துவிட்டால் காயத்துக்குத் தையல் போட்டு அனுப்புவார்கள். மனநலப் பிரிவுக்கு அனுப்பக் காரணமே இல்லாமல் போய்விடும். எம்.எல்.சி. என்பது காயம், நஞ்சு போன்றவற்றுக்கு மருத்துவமனை செய்யும் வழக்கமான பதிவு. அது பதிவானதாலேயே நோயாளி குற்றவாளி ஆகிவிடுவதில்லை. மேலே சொன்ன 115-ஆம் பிரிவு அவர் பக்கம்தான் நிற்கிறது.

பொருந்தாத இன்னோர் இடம்

‘உடம்பைக் கெடுத்துக்கினான்’ என்ற பழிச்சொல்லை நம் பக்கத்தில் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். குடியாத்தம் பக்கம் முறத்தை மடியில் வைத்து, கழுத்து வலிக்க, புகையிலைத் தூசியில் இருமிக்கொண்டு பீடி சுற்றும் பெண்ணுக்குக் கூலி ஆயிரம் பீடிக்குத்தான் கணக்கு. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளில் சுண்ணாம்பிலும் இரசாயனத்திலும் கைகால் வெந்தவர்களும் அப்படியே. ‘உடம்பைப் பார்த்துக்காம விட்டுட்டான்’ என்பது இங்கே உண்மையே அல்ல. கூலியும் வேலைச் சூழலும் செய்த கேட்டை உழைப்பவர் தலையில் கட்டுவதற்குத்தான் அந்தப் பேச்சு உதவுகிறது. ‘சுய’ என்று சொல்ல வேண்டுமானால் வேறு வழி கைவசம் இருந்திருக்க வேண்டும்.

எழுதுவதும் கேட்பதும்

இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019-இல், உலக சுகாதார நிறுவனத்தின் நெறிகளைத் தழுவி, தற்கொலைச் செய்திகளுக்கான விதிகளை ஏற்றது. முறையை விவரிக்காதே, இடத்தைச் சொல்லாதே, பரபரப்புத் தலைப்புப் போடாதே, காணொளியைப் போடாதே என்பவை அவற்றில் சில. சுய தீங்குச் செய்திக்கும் இவை பொருந்தும். ‘காதல் தோல்வியால் விபரீத முடிவு’ என்ற தலைப்பில் மூன்று பிழைகள் இருக்கின்றன: ஒரே காரணம் என்று முடிவு கட்டுகிறது, அதை ஒரு முடிவு என்று ஒப்புக்கொள்கிறது, படிக்கும் இன்னொரு பிள்ளைக்கு வழி காட்டுகிறது.

வீட்டில் ஒரு பிள்ளையின் உடம்பில் அப்படி ஏதாவது தெரிந்தால் எப்படிக் கேட்பது? ‘ஏன்டா இப்படிப் பண்ணித் தொலைச்ச’ என்றோ, ‘இனிமே பண்ண மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு’ என்றோ தொடங்கினால் அடுத்த முறை இன்னும் நன்றாக மறைக்கக் கற்றுக்கொள்ளும். ‘ரொம்பக் கஷ்டமா இருக்குதா கண்ணு, எப்பலேர்ந்து?’ என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை சும்மா இருப்பது மேல். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை.

பிறகு மருத்துவர். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957 முதல் இயங்குகிறது. நோயாளியைத் தனியே அடைத்து வைக்காமல், குடும்பத்தில் ஒருவர் உடன் தங்கியே சிகிச்சை பெறும் முறையை இந்தியாவில் முன்னெடுத்த இடங்களில் அதுவும் ஒன்று. சென்னைக்காரர்கள் அங்குள்ள மனநல மருத்துவமனையை வைத்துக் ‘கீழ்ப்பாக்கம்’ என்று கேலி பேசிப் பேசியே எத்தனையோ பேரை டாக்டரிடம் போகவிடாமல் செய்தார்கள். அந்த வழக்கம் இங்கே வேண்டாம்.

உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால், மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனாஸ் எண் 14416. தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். மாநில அரசின் 104 எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050.